உப்பு இல்லாத கிணறு

ஐய, எனக்குத் தண்ணியெல்லாம் வேணாம் டீச்சர். கேன் தண்ணியானாலும் சரி, ஒங்க டிரம்முல வடிகட்டுன தண்ணியானாலும் சரி. தாகத்துக்கு வரல நானு. செம்ப அங்க வச்சிட்டு மொதல்ல ஒக்காருங்க. ஆறு வருசமா மதிலுக்கு இந்தாண்ட நீங்க, அந்தாண்ட நானு. ஒரு நாளாவது ஒங்க வாசப்படி ஏறியிருப்பனா? இன்னிக்கு ஏறிட்டேன். கேக்க வேண்டியத கேட்டுட்டு எறங்கிப் போயிடறேன்.

ஆமாம், வூட்ட விக்கறோம். காலையில பரங்கிப்பேட்டையிலேருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. நீங்கதான் ஜன்னல்கிட்டயே நின்னீங்களே, பாக்காமயா இருந்திருப்பீங்க? நாலரைக்குத் திரும்ப வராங்க. வூடு புடிச்சிருக்குது, தெரு புடிச்சிருக்குது, பள்ளிவாசலும் கிட்ட இருக்குது. தண்ணிய மட்டும் விசாரிச்சிட்டு இன்னிக்கே பேசி முடிச்சுக்கறோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவுங்க வரதுக்குள்ள எனக்கும் ஒங்களுக்கும் நடுவுல இருக்கறது தீரணும்.

சொல்லுங்க. அன்னிக்கு ஏன் அப்டி சொன்னீங்க?

எதச் சொன்னன்னு கேக்கறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. பத்து நாளைக்கி முன்னாடி வச்ச சாமான மறந்துபோற வயசுதான், இல்லங்கல. ஆனா நீங்க முப்பது வருசம் முன்னாடி ஒங்ககிட்ட படிச்ச புள்ளைங்கள பேரு சொல்லிக் கூப்புடறவங்க. நீங்க மறந்துட்டேன்னு சொன்னா நான் நம்பணுமா?

சரி, நானே சொல்றேன். வைகாசி மாசம். சுனாமி வந்து ஒன்றர வருசம் ஆயிருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு, எம்மவ சுவாதி, எங்க மாமியா, நானு, நாலு பேரும் ஷேர் ஆட்டோவுல வந்து எறங்குனோம். எங்க குப்பத்துல கடலு ஏறி எறங்குனதோட அத்தன கெணறும் உப்பாப் போச்சு. வாயில வெக்க முடியாது. லாரித் தண்ணிக்கு வரிசையில கொடத்த வச்சு வச்சு, கொடத்துல எழுதியிருந்த எங்க பேரே அழிஞ்சுபோச்சு. அப்பதான் முடிவு பண்ணோம், கடல வுட்டுத் தள்ளிப் போயிடணும், ரெண்டு ரூமு வூடா இருந்தாலும் நல்ல தண்ணிக் கெணறு இருக்கணும்னு. வேற ஒரு வசதியும் கேக்கல நாங்க. கெணத்துக்குத்தான் டீச்சர் வூடு வாங்குனோம். வூடு அதுகூட வந்துச்சு, அவ்ளோதான்.

வூட்ட வித்த ராஜாமணி ரெண்டு வாளி எறைச்சுக் காட்டுனாரு. கண்ணாடி மாரி இருந்துச்சு. கெணத்து உறையெல்லாம் புதுசா வெள்ளயடிச்சு, அடியில மணலு தெரியுது. மனுசன் எவ்ளோ சுத்தமா வச்சிருக்காரு பாருன்னு எங்க மாமியா சொல்லுது. நான் ஒரு கொடம் கேட்டு வாங்கி, ஆட்டோவுல மடியில வச்சு எடுத்துட்டுப் போனேன். போற வழியெல்லாம் அலும்பி சேலயெல்லாம் ஈரம். குப்பத்துல எங்க தெருவே வந்துச்சு குடிச்சுப் பாக்க. எளநிடி இதுங்கறா ஒருத்தி. பருப்பு போட்டேன், மூணாங் கொதிக்கு மலந்துடுச்சு. துணிக்கு சோப்பு போட்டா நொரச்சுத் தள்ளுது. எங்களுக்குத் தெரிஞ்ச பரிச்ச அவ்ளோதான். உப்பு இருக்குதா, இல்லியா. அத்தன பேரும் குடிச்சுக் குடிச்சே கொடத்த காலி பண்ணிட்டோம். ஒரு சொம்பு, ஒரே ஒரு சொம்பு மூடி வச்சு விடிஞ்சு பாத்திருந்தேன்னா, இந்த நகரு பக்கமே தலவச்சுப் படுத்திருக்க மாட்டேன்.

இருங்க, இன்னும் வரல ஒங்க பங்கு.

மறுநாளு நானும் சுவாதியும் மட்டும் திரும்ப வந்தோம். ஏன்னா எங்க ஜனத்துல ஒரு பழக்கம். பழைய மீன்பிடி போட்டு வாங்கறதுன்னா விக்கறவன்கிட்ட விசாரிக்க மாட்டோம். பக்கத்துல கட்டியிருக்கற போட்டுக்காரன கேப்போம். எங்க ஒழுவுது, எஞ்சினு எப்ப மக்கர் பண்ணுச்சு, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவன் பொய் சொல்ல மாட்டான். நாளைக்கு நடுக்கடல்ல வாங்குனவன்தான் அவனுக்குக் கயிறு வீசணும். அப்புறம் எப்டி பொய் வரும்? அந்தப் புத்தியிலதான் நான் ஒங்க கேட்டுகிட்ட வந்து நின்னேன். நீங்க பிச்சிப்பூ பறிச்சுக்கிட்டு இருந்தீங்க. எங்கூட சுவாதி. அம்மா, பக்கத்து வூட்ட வாங்கலாம்னு இருக்கோம், தண்ணி எப்டிம்மா, உப்பு இருக்குமான்னு கேட்டேன். சிரிச்சீங்க. ஒரு கல்லு உப்பு கெடையாதும்மா, தைரியமா வாங்கிப் போடுங்கன்னீங்க. எம்மவ கன்னத்தத் தட்டி, எத்தினியாவது படிக்கறன்னு கேட்டு, கையில ரெண்டு பூவ வச்சீங்க.

என்னா?

ஓகோ. நான் உப்பான்னு கேட்டேன், நீங்க உப்பில்லன்னு சொன்னீங்க. அதுல பொய்யி எங்க இருக்குதுன்னு கேக்கறீங்களா? நல்லா இருக்குது டீச்சர். பரிச்ச பேப்பரா இது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிட்டு எந்திரிச்சுப் போறதுக்கு? இத்தினி வருசம் ராத்திரில படுத்தா இந்த ஒரு பதில நானே எனக்குச் சொல்லிப் பாத்துக்குவேன். அவுங்க இப்டி சொன்னாலும் சொல்லுவாங்கன்னு. ஆனா ஒரு மனுசி வாயத் தொறந்து இத நெசமாவே சொல்லுவாங்கன்னு நான் நெனைக்கல.

உக்காருங்க. டீ யாருக்கும் வேணாம்.

பால் காச்சுன அன்னிக்கு ராத்திரி, மறுநாளு சாப்பாட்டுக்கு வரவங்களுக்குன்னு புது சில்வர் அண்டா நெறய தண்ணி எறைச்சு வச்சோம். விடிஞ்சு மூடியத் தொறந்தா செங்கல்லு கரைச்ச மாரி செவசெவன்னு நிக்குது. மேல எண்ண மாரி ஒரு ஏடு. மோந்து பாத்தா துருப்பிடிச்ச ஆணிய வாயில போட்ட வாசம். எங்க மாமியா நெஞ்சுல அடிச்சுக்கிச்சு. யாரோ வூட்டுக்கு ஆவாதவங்க ஆலாத்தித் தண்ணிய கெணத்துல கொட்டிட்டாங்க, இது செய்வெனதான்னு ஒரே அழுவ. எங்களுக்கு என்னா தெரியும்? தண்ணியில இரும்பு இருக்கும், வெளிக்காத்து பட்டா செவக்கும்னு எங்களுக்கு யாரு சொன்னா? எங்க ஊருல தண்ணி கெட்டுதுன்னா உப்பு, இல்லன்னா ஏதாவது செத்து விழுந்திருக்கும். மூணாவதா ஒண்ணு நாங்க பாத்ததில்ல. குப்பத்துலேருந்து பூசாரிய இட்டாந்தோம். அவரு வேப்பல, எலுமிச்சம்பழம், உடுக்கன்னு கெணத்த சுத்திச் சுத்தி வந்தாரு. சேவல் ஒண்ணு வேற அறுத்தாச்சு.

நீங்க மதில் மேல ரெண்டு கையும் ஊனிக்கிட்டு நின்னு பாத்தீங்க. முழுசா பாத்தீங்க. நான் ஒங்களப் பாத்தேன். நீங்க உள்ள போய் ஒங்க வூட்டுக்காரர இட்டாந்து காட்டுனீங்க. அவரு சிரிச்சதும் எனக்குத் தெரியும், செத்தவர பத்திப் பேசக்கூடாது, வுட்டுடறேன். இங்க எல்லாக் கெணறும் இப்டித்தாம்மா, பூசாரிய அனுப்பிச்சிடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வூடு வாங்கி முடிஞ்சுது, இனிமே சொன்னா என்னா நஷ்டம் ஒங்களுக்கு? சேவலாவது பொழச்சிருக்கும்.

அதுக்கப்புறம் தெனத்துக்கும் ஒரு கூத்து. எங்க வூட்டுக்காரரோட வெள்ள வேட்டி ரெண்டே மாசத்துல காவியாப் போச்சு. துறைமுகத்துல மீன் ஏலத்துக்குப் போனா, தங்கராசு எப்ப சாமியாரான, மடம் எங்க கட்டியிருக்க, மடத்துல மீன் கொழம்பு உண்டான்னு ஒரே கிண்டல். அவரு சிரிச்சிட்டு வந்துடுவாரு. வூட்டுக்கு வந்து வேட்டிய வீசிக் கடாசுவாரு. சுவாதிக்கு ஸ்கூல்ல வெள்ளத் தாவணி. அதுக்கு எவ்ளோ நீலம் போட்டாலும் மஞ்ச பாரிச்சுக் கெடக்கும். கெளாஸ்ல ஒரு டீச்சரம்மா, ஒங்கள மாரி ஒரு டீச்சரம்மாதான், எந்திரிச்சு நிக்கச் சொல்லி, மீன்காரங்க வூட்ல துணி தொவைக்க மாட்டீங்களான்னு கேட்டிருக்கு. அழுதுக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம் ராத்திரி தண்ணி எறைச்சு வச்சு, படிகாரத்தக் கலக்கி, தேத்தாங்கொட்டய ஒரசி, விடியக்காலம் மேலாப்புல மொண்டு தொவைச்சேன். எம்முட்டி கெட்டதுதான் மிச்சம்.

அப்பவும் ஒங்களுக்கு டிரம்மு இருந்துச்சு. மண்ணு ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு, கூழாங்கல்லு ஒரு அடுக்கு. தண்ணி அழகா சொட்டிக்கிட்டு இருந்திருக்குது இந்த மதிலுக்கு இந்தாண்ட. அது எனக்கு எப்ப தெரியும்னு சொல்லுங்க? எட்டு மாசம் கழிச்சு. நீங்க சொல்லி இல்ல. மோட்டார் ரிப்பேருக்கு வந்த கொளஞ்சியப்பன் சொல்லித்தான். இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் டிரம்மு இருக்குதே, டீச்சர் வூட்டுக்கு நாந்தான் பைப்பு போட்டுக் குடுத்தேன், ஒங்களுக்கு யாரும் சொல்லலியான்னு அந்த ஆளு கேக்கறாரு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல. தெருவுக்கே தெரியும். எங்களுக்கு மட்டும் தெரியாது. நாங்களும் டிரம்மு வச்சோம், தொவைக்க கிவைக்க ஒதவுது. குடிக்க அது ஆவல எங்களுக்கு, கேன் தண்ணிதான் இன்னிக்கு வரைக்கும்.

நீங்க அப்ப வேற ஒண்ணு செஞ்சீங்க. கருவாட்டு வாசம் வருதுன்னு மதில ரெண்டு வரி ஒசத்திக் கட்டுனீங்க.

இல்ல, அத இப்ப ஏன் சொல்றன்னு கேக்காதீங்க. எப்ப சொல்றது வேற? போன மார்கழி புயல்ல ஒங்க வூட்டு மேல மாமரம் சாஞ்சிச்சே, ஓட்ட ஒடைச்சுக்கிட்டு. காத்து நின்னதும் ஏறி வெட்டி எறக்குனது யாரு? நான் சொல்லிக்காட்டல. எங்க வூட்டுக்காரரு மதிலத் தாண்டிக் குதிச்சப்ப, அந்த ரெண்டு வரி செங்கல்லு முட்டியில தேச்சு ரத்தம் வந்துச்சு. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல.

பொண்ணு பாக்க வந்த கதையும் ஒங்களுக்குத் தெரியும். தெரியாதா? சரி, தெரியாதுன்னே வச்சுக்குங்க, நான் சொல்றேன். ரெண்டு வருசம் முன்னாடி. சிதம்பரத்துலேருந்து வந்தாங்க. மாப்ள கோவாப்ரேட்டிவ் பேங்க்ல வேல. அஞ்சு பேரு வருவாங்கன்னு சொல்லி பதினோரு பேரா வேன்ல எறங்குனாங்க. டீக்குன்னு தனியா எடுத்து வச்ச கேன் தண்ணி பத்தல. நான் கூடத்துல பாய் விரிச்சிக்கிட்டு நிக்கறேன், எங்க நாத்தனாரு, குப்பத்துலேருந்து வந்தவ, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அண்டாவுல நல்லா தெளிஞ்சிதான இருக்குதுன்னு மொண்டு ஊத்திட்டா. இந்தத் தண்ணியில டீத்தூளப் போட்டா என்னா ஆவும்னு ஒங்களுக்குச் சொல்லவா வேணும்? மை மாரி கறுத்துடும். பாலு ஊத்தியும் சாம்பக் கலரு. அவ பதட்டத்துல பாக்கல. டம்ளர்ல ஊத்தி தட்டுல வச்சு எம்மவ கையில குடுத்துட்டா. எம்மவ தல நிமிந்தா பாக்கும்? கொண்டாந்து நீட்டுது.

மாப்ளயோட அம்மா டம்ளர எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போனவங்க அப்டியே நிறுத்துனாங்க. மோந்து பாத்தாங்க. பக்கத்துல இருந்த அவுங்க தங்கச்சிகிட்ட காட்டுனாங்க. ஒருத்தர் ஒருத்தரா டம்ளர கீழ வச்சாங்க. பதினோரு டம்ளரு. மாப்ளப் பையன் மட்டும் ஒரு வாயி குடிச்சுட்டான், அவன அவங்கம்மா மொறைச்ச மொறைப்பு இருக்குதே! வேனுக்குப் போற வழியில வேலிகிட்ட நிக்கவச்சு, வாயில வெரல வுட்டு வாந்தி எடுக்க வச்சாங்க. தெருவே பாத்துச்சு. ஒங்க ஜன்னலும்தான் பாத்துச்சு.

மூணு நாளு கழிச்சு தரகர் வந்து சொன்னாரு. பையன மயக்கறதுக்கு மருந்து கலந்து குடுத்துட்டாங்க, கடக்கரக்காரங்க இதுல கை தேந்தவங்கன்னு பேசிக்கறாங்களாம். வசிய மருந்து! நானு! எம்மவ அன்னியிலேருந்து சொல்லிட்டா, இந்த வூட்ல வச்சு இனிமே யாரும் என்ன பாக்க வரக்கூடாதுன்னு. ரெண்டு வருசம் அப்டித்தான் போச்சு. இப்ப ஒரு எடம் அமைஞ்சிருக்குது, எங்க பக்கத்து ஆளுங்கதான். பொண்ணயும் கோயில்ல வச்சுத்தான் காட்டுனோம், நிச்சயமும் கோயில்லதான். ஆவணில கல்யாணம். இந்த வூடு வித்தாத்தான் கல்யாணம். அதையும் மறைக்கல, சொல்லிட்டேன். வித்துட்டு நாங்க திரும்ப குப்பத்துக்கே போறோம். உப்புத் தண்ணி பரவால்ல. அது உப்புன்னு முன்னாடியே சொல்லிடுது.

இப்பவாவது சொல்லுங்க டீச்சர். ராஜாமணி ஒங்களுக்கு என்னா குடுத்தாரு?

ஒண்ணும் குடுக்கலன்னா அப்புறம் எதுக்கு? சொந்தமா? சொந்தமும் இல்ல.

சொல்லிடாதீங்கன்னு கேக்க வந்தாரா? எங்க வந்தாரு?

எப்ப, நான் வரதுக்கு முந்துன நாளா?

ம்.

அவரு சம்சாரத்துக்கா? கர்ப்பப்பையில புத்துநோயா. அது எனக்குத் தெரியாது. நாங்க பாக்க வந்தப்ப அந்தம்மா உள்ள படுத்திருந்துச்சு, தலவலின்னாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா? ம். வேற எடத்துல கேட்டும் பணம் பொறளலியா.

அழுதாராக்கும். எங்க ஒக்காந்து?

இங்கயா? இதே சேர்லயா?

இல்ல, நான் எந்திரிக்கல. எதுக்கு எந்திரிக்கணும்? ஒக்காந்துதான் இருக்கேன்.

அந்தம்மா இருக்குதா இப்ப? ஓ. ஒரு வருசந்தானா. சரி. அதுக்கு நான் என்னா சொல்லணும்ங்கறீங்க, பாவம்னா? பாவந்தான். ஆனா அவரு அழுதது ஒங்ககிட்ட. நீங்க தூக்கிக் குடுத்தது என்னோடத. ஒங்க வூட்டு டிரம்முலேருந்து ஒரு கொடம் மொண்டு குடுத்திருந்தா அது தர்மம். எம்மவ தாவணியயும் எங்க வூட்டுக்காரரு மானத்தயும் எடுத்து அவருக்குத் தானம் பண்ண ஒங்களுக்கு யாரு பாத்தியம் குடுத்தா? அப்புறம் ஆறு வருசம் என் மொகத்தப் பாத்துக்கிட்டே பூப்பறிச்சீங்களே, அது எந்த ஆபரேசனுக்கு?

தூங்கலன்னு சொல்லாதீங்க. தூங்குனீங்க. ஒங்க ஃபேன் சத்தம் எனக்குக் கேக்கும்.

மணி நாலாயிடுச்சா? நாலே காலா?

சரி. நான் வந்த விசயத்துக்கு வரேன்.

காலையில வந்துச்சே, அந்தப் பொண்ணு பேரு சமீரா. புருசன் தமீம் அன்சாரி துபாயில. கூட வந்தது அது அண்ணங்காரரு. அவுங்க பக்கமும் சுனாமியில கெணறு போனதுதான். ஊரு ஊரா நல்ல தண்ணி தேடிக்கிட்டு வராங்க, அன்னிக்கு நாங்க வந்தாப்ல. அண்ணங்காரரு கெணத்த எட்டிப் பாத்துட்டு, மாஷா அல்லா எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்கன்னு சொன்னாரு.

என்னா அப்டி பாக்கறீங்க? ஆமாம், முந்தாநாளு தூரு வாரினோம். உறைக்கு வெள்ளயும் அடிச்சோம். நீங்கதான் பாத்தீங்களே. அண்டாவ எல்லாம் கவுத்துப் போட்டாச்சு, காவி வேட்டிய மூட்ட கட்டிப் பரணையில ஏத்தியாச்சு. எல்லாம் செஞ்சேன். ராஜாமணி செஞ்சதுல ஒண்ணு வுடல.

அந்தப் பொண்ணு கையில ஒரு கொழந்த, அஞ்சு மாசம். வெயில்ல வந்ததுக்கு மொகமெல்லாம் செவந்துபோயி, ஆனா அழுவல. என் கழுத்துச் செயினப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. கெணத்துகிட்ட நிக்கறோம். அது தண்ணியப் பத்திக் கேக்கப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் பதில வாயிலயே வச்சிருந்தேன் டீச்சர். ஒங்க பதிலுதான், ஒங்ககிட்ட வாங்கினது. உப்பான்னு கேட்டிருந்தா, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன்.

அது உப்பான்னு கேக்கல.

எனக்குப் பாலு சரியா ஊறலக்கா, பவுடர் பாலுதான் குடுக்கறேன், இந்தத் தண்ணியில இவனுக்குப் பாலு கலக்கலாமாக்கான்னு கேட்டுச்சு.

எனக்கு வாய் வரல. தலைய ஆட்டுனாலே போதும், அதுகூட வரல. அந்தக் கொழந்த செயின வுட மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு பின்னால நின்னு கனைக்கறாரு. நான் என்னா சொன்னேன்னு கேளுங்க. நான் என்னாம்மா சொல்றது, விக்கறவ நல்லதுன்னுதான் சொல்லுவேன், பக்கத்து வூட்ல ரிட்டயர்டு டீச்சரு இருக்காங்க, பட்டம்மா டீச்சருன்னு, பொய்யே சொல்ல மாட்டாங்க, சாயந்தரம் அவுங்களக் கேட்டுக்கன்னு சொல்லிட்டேன்.

அதான்.

வேணாம், எதுவும் பேசாதீங்க. முடியாதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க, அவுங்ககிட்ட சொல்லுங்க. ஆறு வருசம் முன்னாடி ஒரு கல்லு உப்பு கெடையாதுன்னு என்கிட்ட சொல்ல முடிஞ்சுது இல்ல? ஆவணிக்கு இன்னும் நாப்பது நாளு இருக்குது. இந்த வூட்டுக்கு மூணு வருசமா வேற ஒரு ஆளு வந்து எட்டிப் பாக்கல. நான் அழ மாட்டேன், கால்ல விழ மாட்டேன். நீங்க குடுக்க வேண்டியதத்தான் கேக்கறேன்.

அந்தா, ஆட்டோ சத்தம். அவுங்கதான். எங்க வூட்டுக்குப் போவல, இங்கதான் நேரா வராங்க.

நான் பின்பக்கமா போயிடறேன். நீங்க என்னா சொல்றீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். நான் போயி மோட்டாரப் போட்டு வுட்டுட்டு கெணத்தடியில நிக்கறேன், அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது.

என்னா பாத்துக்கிட்டே நிக்கறீங்க? போயிக் கதவத் தொறங்க. கைக்கொழந்தக்காரி, வெயில்ல நிக்குது.